ட்ரிகரை ஓடவைத்த புரோகிராம் எது? ஐபிஎம் ஐ-யில் கண்டுபிடிக்கும் வழிகள்

நீங்கள் கேட்டிருப்பது இது: ஏஎஸ்/400 வழிவந்த ஐபிஎம் ஐ மெஷினில் வாடிக்கையாளர் மாஸ்டர் ஃபைலுக்கு ஒரு அப்டேட் ட்ரிகர், அதாவது ரெக்கார்ட் மாறும்போது தானாக ஓடும் புரோகிராம், போட்டிருக்கிறீர்கள். கடன் வரம்பு ஃபீல்டை ஏதோ ஒரு புரோகிராம் அவ்வப்போது பூஜ்யமாக்கிவிடுகிறது. பழைய மதிப்பு, புதிய மதிப்பு இரண்டும் ட்ரிகருக்குக் கிடைக்கின்றன. மாற்றிய புரோகிராமின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை, அதை எங்கிருந்து எடுப்பது? இந்த மெஷினில் பல வருடங்கள் ஆர்பிஜி என்ற புரோகிராமிங் மொழியும் சிஎல் என்ற கமாண்ட் மொழியும் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: "புரோகிராம்" என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? ரெக்கார்டை நேரடியாக எழுதிய புரோகிராமா, அதைக் கூப்பிட்ட மெனு புரோகிராமா, அல்லது வேறொரு சர்வரில் ஓடும் ஜாவா அப்ளிகேஷனா? மூன்றுக்கும் வழி வேறு. கணினிப் பெயர்கள் நிறைய வரும், அவற்றை எழுத்து எழுத்தாகப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்கலாம். ட்ரிகர் புரோகிராமுக்கு இரண்டே பாராமீட்டர்தான் வரும்: ட்ரிகர் பஃபர், அதன் நீளம். பஃபரின் தொடக்கத்தில் ஃபைல் பெயர், லைப்ரரி, மெம்பர் மூன்றும் பத்துப் பத்து எழுத்தில் இருக்கும். 31-வது எழுத்து நடந்தது என்ன என்று சொல்லும்: 1 என்றால் இன்சர்ட், 2 டெலிட், 3 அப்டேட், 4 ரீட். அடுத்த எழுத்து ட்ரிகர் ஓடும் நேரம்: 1 என்றால் மாற்றத்துக்குப் பின், 2 என்றால் முன். அதற்கடுத்த எழுத்து கமிட்மென்ட் கன்ட்ரோல் (பல மாற்றங்களை ஒன்றாக உறுதிசெய்யும் அல்லது திரும்பப்பெறும் வசதி) நிலை. அப்புறம் சிசிஎஸ்ஐடி என்ற எழுத்துக்குறியீட்டு எண், ரெக்கார்ட் எண், பழைய ரெக்கார்டும் புதிய ரெக்கார்டும் பஃபரில் எங்கே தொடங்குகின்றன, எவ்வளவு நீளம், எந்த ஃபீல்டில் மதிப்பே இல்லை (நல்) என்று சொல்லும் மேப் எங்கே என்கிற எண்கள். அவ்வளவுதான். ஜாப் (மெஷினில் ஓடும் ஒரு தனி வேலை) பெயரோ, யூசரோ, புரோகிராமோ அதில் ஓர் இடத்திலும் கிடையாது. எவ்வளவு தேடினாலும் பஃபரிலிருந்து இந்தப் பதில் வராது, அந்த முயற்சியை இப்போதே விட்டுவிடலாம்.

நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. ட்ரிகர் புரோகிராம் தனி ஜாபில் ஓடுவதில்லை. ரெக்கார்டை மாற்றிய அதே ஜாபில், அதே கால் ஸ்டாக்கில் (ஒன்றை ஒன்று கூப்பிட்டு இப்போது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் வரிசை), மாற்றிய புரோகிராமுக்குக் கீழே வந்து உட்காருகிறது. ஆக, ட்ரிகர் ஓடும் அந்த நொடியில் குற்றவாளி ஸ்டாக்கில் நின்றுகொண்டுதான் இருக்கிறான், அவனைப் பார்க்க நமக்கு ஒரு வழி வேண்டும், அவ்வளவே. ஜாப் அடையாளம் இன்னும் சுலபம். ஆர்பிஜியில் புரோகிராம் ஸ்டேட்டஸ் டேட்டா ஸ்ட்ரக்சரை (ஓடும் புரோகிராமைப் பற்றிய தகவல்களை சிஸ்டம் நிரப்பித் தரும் இடம்) அறிவித்தால் அதில் 244 முதல் 253 வரை ஜாப் பெயர், 254 முதல் 263 வரை ஜாபின் யூசர், 264 முதல் 269 வரை ஜாப் எண், 358 முதல் 367 வரை அந்த நேரத்தில் உண்மையில் செயல்படும் யூசர். இந்த இரண்டு யூசர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை அலட்சியப்படுத்தாதீர்கள், கீழே அது மிகவும் தேவைப்படும். ஆனால் இந்த ஸ்ட்ரக்சரில் வரும் புரோகிராம் பெயர் உங்கள் ட்ரிகர் புரோகிராமின் பெயர்தான். கூப்பிட்டவரின் பெயருக்கு அதில் இடமே ஒதுக்கப்படவில்லை.

சரி, "எனக்கு மேலே இருப்பவர் யார்" என்று ஸ்டாக்கில் ஒரு படி ஏறிப் பார்த்தால்? அங்கே உங்கள் அப்ளிகேஷன் இருக்காது. டேட்டாபேஸின் சொந்த புரோகிராம் இருக்கும். அப்டேட், டெலிட் என்றால் க்யூ-டி-பி-யூ-டி-ஆர், இன்சர்ட் என்றால் க்யூ-டி-பி-புட், ரெக்கார்டுகள் கட்டாக எழுதப்பட்டால் க்யூ-டி-பி-புட்-எம். "கூப்பிட்டவர் பெயர் கேட்டால் எப்போதும் ஏதோ சிஸ்டம் புரோகிராம்தான் வருகிறது" என்று நீங்கள் எழுதியிருந்ததன் காரணம் இதுதான். அதற்கு மேலே ஆர்பிஜியின் ரன்டைம் புரோகிராம் இருக்கலாம், அதன் பெயர் க்யூ-ஆர்-என்-எக்ஸ் என்று தொடங்கும். எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் கேள்வி மொழி) வழியாக மாற்றம் நடந்திருந்தால் க்யூ-எஸ்-க்யூ என்று தொடங்கும் ஒன்றோ பலவோ நடுவில் நிற்கும். இவற்றையெல்லாம் தாண்டிய பிறகுதான் உங்கள் ஆள் வருவார். எத்தனை படி தாண்ட வேண்டும் என்பது நிலையான எண் இல்லை. ரெக்கார்ட் லெவலில் எழுதும் புரோகிராமுக்கு ஒரு எண், எஸ்கியூஎல்லை உள்ளே வைத்து எழுதிய (எம்பெடட்) புரோகிராமுக்கு வேறு எண், ஆபரேட்டிங் சிஸ்டம் பதிப்பு மாறினால் அதுவும் மாறலாம். "மூன்று படி மேலே" என்று கோடில் எழுதிவைத்த ட்ரிகர் அப்கிரேடுக்குப் பிறகு தவறான பெயரைப் பதிந்துகொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. பெயரே கிடைக்காமல் போவதைவிட இது மோசம், ஏனென்றால் அந்தத் தவறான பெயரை நம்பி நீங்கள் வேறொரு புரோகிராமைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பழைய கைகள் சொல்லித் தந்த ஒரு தந்திரம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது: சிஎல்லில் மேலே இருக்கும் புரோகிராமின் மெசேஜ் க்யூவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பி, அதன் கீயை வைத்து உடனே அதைத் திரும்ப வாங்குவது. அப்படி வாங்கும்போது செண்டர் என்ற வேரியபிளில் அனுப்பியவர் பெயரோடு பெற்றவர் பெயரும் வரும், பெற்றவர்தான் நாம் தேடும் ஆள். ஒரு புரோகிராமை இன்னொரு புரோகிராம் சாதாரணமாகக் கூப்பிடும் இடத்தில் இது அழகாக வேலை செய்யும். ட்ரிகரில் நடுவில் சிஸ்டம் புரோகிராம்கள் நிற்பதால் ஒவ்வொரு படியாக ஏறிக் கேட்க வேண்டும், அல்லது இன்ன சிஸ்டம் புரோகிராமுக்கு முந்தையவர் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இன்சர்ட்டுக்கு ஒரு பெயர், அப்டேட்டுக்கு ஒரு பெயர், எஸ்கியூஎல்லுக்கு இன்னொன்று என்று கோடு வளர்ந்துகொண்டே போகும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இருக்கட்டும், புதிதாக எழுதுகிறவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் பரிந்துரைப்பது கால் ஸ்டாக்கை முழுசாகத் தரும் ஏபிஐ, அதாவது நாம் கூப்பிடக்கூடிய சிஸ்டம் புரோகிராம். அதன் பெயர் க்யூ-டபிள்யூ-வி-ஆர்-சி-எஸ்-டி-கே. ஆறு பாராமீட்டர்: விடை வந்து விழும் வேரியபிள், அதன் நீளம், சி-எஸ்-டி-கே-0100 என்ற ஃபார்மேட், எந்த ஜாப் என்கிற அடையாளம், அந்த அடையாளத்தின் ஃபார்மேட்டான ஜே-ஐ-டி-எஃப்-0100, கடைசியாக எரர் கோடு. ஜாப் அடையாளம் 56 பைட் கொண்ட ஸ்ட்ரக்சர். நட்சத்திரக் குறியை ஜாப் பெயராகப் போட்டால் நடப்பு ஜாப் என்று பொருள், யூசர், ஜாப் எண், உள் அடையாளம் மூன்றும் வெற்றிடம். அதற்கடுத்த இரண்டு ரிசர்வ்ட் பைட்டும் கட்டாயம் ஹெக்ஸ் பூஜ்யமாக இருக்க வேண்டும், வெற்றிடம் போட்டால் ஏபிஐ ஏற்காது. ஆர்பிஜி தானாகவே கேரக்டர் ஃபீல்டை வெற்றிடத்தால் நிரப்பிவிடுவதால் பெரும்பாலானோர் முதலில் மாட்டுவது இங்கேதான். த்ரெட் (ஜாபுக்குள் ஓடும் ஓர் இழை) குறியீட்டில் 1 போடுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் இதே த்ரெட் என்று அர்த்தம். 1 போட்டால் கடைசி எட்டு பைட் த்ரெட் அடையாளமும் ஹெக்ஸ் பூஜ்யமாகவே இருக்க வேண்டும்.

விடையின் தலைப்பகுதியில் ஸ்டாக்கில் எத்தனை பேர் இருக்கிறார்கள், முதல் பதிவு எங்கே தொடங்குகிறது, எத்தனை பேர் திருப்பித் தரப்பட்டார்கள் என்ற எண்கள் இருக்கும். இதில் முதல் எண்ணும் மூன்றாவது எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வேரியபிள் சிறியதாக இருந்தால் பாதி ஸ்டாக்தான் வந்திருக்கும். பதிவுகள் அண்மையில் வந்தவர் முதலில் என்ற வரிசையில் இருக்கும், அதாவது உங்கள் ட்ரிகர் தொடக்கத்திலேயே தென்படும். ஒவ்வொரு பதிவின் முதல் நான்கு பைட் அந்தப் பதிவின் நீளம், 25-வது பைட்டில் புரோகிராம் பெயர் பத்து எழுத்து, உடனே அடுத்து லைப்ரரி பத்து எழுத்து, சற்றுத் தள்ளி மாட்யூல் பெயர். ப்ரொசீஜர் பெயரும் ஸ்டேட்மென்ட் எண்ணும் எங்கே இருக்கின்றன என்பதைப் பதிவுக்குள்ளேயே இருக்கும் தூர எண்கள் சொல்லும். பதிவுகள் ஒரே நீளம் இல்லை. ப்ரொசீஜர் பெயரின் நீளத்தைப் பொறுத்து மாறும். அதனால் அர்ரே போல நினைத்து நிலையான நீளத்தில் தாவாதீர்கள், முதல் நான்கு பைட் சொல்லும் நீளத்தைப் பாயின்டரோடு கூட்டிக்கூட்டி நகருங்கள்.

இதில் ஸ்டேட்மென்ட் எண்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. புரோகிராம் பெயர் கிடைத்தாலே போதும் என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஐயாயிரம் வரி புரோகிராமில் ஒரே ஃபைலை எட்டு இடத்தில் அப்டேட் செய்திருந்தால் பெயரை மட்டும் வைத்து என்ன செய்வது? ஆர்பிஜி புரோகிராமை சோர்ஸ் ஸ்டேட்மென்ட் எண்ணைப் பயன்படுத்தும் ஆப்ஷனோடு கம்பைல் செய்திருந்தால் ஸ்டாக்கில் வரும் எண் சோர்ஸில் உள்ள வரிசை எண்ணாகவே இருக்கும், நேராக அந்த வரிக்குப் போய்விடலாம். அந்த ஆப்ஷன் இல்லாமல் கம்பைல் ஆகியிருந்தால் எண் கம்பைலர் லிஸ்டிங்கில் உள்ள வரியைக் குறிக்கும். அதே சோர்ஸை மறுபடி கம்பைல் செய்து லிஸ்டிங்கோடு ஒப்பிட வேண்டியிருக்கும். இன்றைக்கு ஓடும் ஆப்ஜெக்டும் கையிலிருக்கும் சோர்ஸும் ஒன்றுதானா என்பதையும் அப்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, இத்தனை பதிவுகளில் உங்கள் ஆளை எப்படிப் பொறுக்குவது? வழக்கமான விதி: ட்ரிகர் புரோகிராமைத் தாண்டு, ஐபிஎம்மின் சொந்த புரோகிராம்கள் உள்ள க்யூசிஸ் லைப்ரரியில் இருப்பவர்களைத் தாண்டு, முதலில் வரும் வேறு லைப்ரரி புரோகிராமை எடுத்துக்கொள். இது பெரும்பாலான நேரம் சரியாக வரும், எப்போதும் வராது. ஃபைலைத் தொடும் வேலையெல்லாம் பல புரோகிராம்கள் பொதுவாகக் கூப்பிடும் ஒரு சர்வீஸ் புரோகிராமில் வைத்திருந்தால் இந்த விதி தரும் பெயர் அந்த சர்வீஸ் புரோகிராம். அது உண்மைதான், ஆனால் உங்களுக்கு உதவாத உண்மை, ஏனென்றால் எல்லோரும் அதன் வழியாகத்தான் வருகிறார்கள். ட்ரிகர் ஒன்று இன்னொரு ஃபைலை மாற்றி, அதன் ட்ரிகர் உங்கள் ஃபைலை மாற்றியிருந்தால் கிடைப்பது அந்த நடு ட்ரிகரின் பெயர். யாராவது கமாண்ட் லைனிலிருந்து எஸ்கியூஎல் அடித்தோ, டிஎஃப்யூ என்ற டேட்டா திருத்தும் கருவி வழியாகவோ கைப்படத் திருத்தியிருந்தால் ஸ்டாக்கில் உங்கள் அப்ளிகேஷன் எதுவும் இருக்காது, இருந்தாலும் அவர் உள்ளே நுழைந்தபோது ஓடிய முதல் மெனு புரோகிராமாக இருக்கும். அந்த மெனு புரோகிராம்தான் மாற்றியது என்று முடிவுகட்டினால் ஒரு பாவமும் அறியாத புரோகிராமைக் குறைசொன்னதாகும்.

அதனால் ஒரே ஒரு பெயரைப் பதியாதீர்கள். ஸ்டாக் முழுவதையும் பதியுங்கள். தலைப்பு ஃபைல் ஒன்று: நேரம், ஜாப், இரண்டு யூசர்கள், பழைய மதிப்பு, புதிய மதிப்பு. அதோடு இணைந்த விவர ஃபைல் ஒன்று: ஒவ்வொரு படிக்கும் வரிசை எண், புரோகிராம், லைப்ரரி, மாட்யூல், ப்ரொசீஜர், ஸ்டேட்மென்ட். யாரைக் குற்றவாளி என்று எடுத்துக்கொள்வது என்ற முடிவை ட்ரிகருக்குள் எடுக்க வேண்டாம், பிறகு உட்கார்ந்து படிக்கும்போது எடுங்கள். லைப்ரரி பெயரை விட்டுவிடாதீர்கள். டெஸ்ட் லைப்ரரியில் கிடக்கும் பழைய பிரதி லைப்ரரி லிஸ்டில் முன்னால் வந்து ஓடியதுதான் கோளாறின் காரணம் என்றால் புரோகிராம் பெயர் மட்டும் அதைக் காட்டிக்கொடுக்காது. ஸ்டாக்கில் அடிக்கோட்டோடு தொடங்கி பி-இ-பி என்ற எழுத்துகளைக் கொண்ட ப்ரொசீஜர் பெயர்கள் வந்தால் குழம்ப வேண்டாம், கம்பைலர் தானாகச் சேர்க்கும் நுழைவாயில் ப்ரொசீஜர் அது. ஒரே புரோகிராம் இரண்டு முறை தெரிவதன் காரணமும் அதுதான்.

இவ்வளவு ஏபிஐ வேலை வேண்டாம், இன்றிரவே தெரிந்தால் போதும் என்றால் குறுக்குவழி உண்டு. ட்ரிகரிலிருந்து ஒரு சிஎல்லைக் கூப்பிட்டு, டிஸ்ப்ளே ஜாப் கமாண்டை ப்ரோகிராம் ஸ்டாக் ஆப்ஷனோடு ப்ரிண்டுக்கு அனுப்புங்கள். ஸ்டாக் அப்படியே ஸ்பூல் ஃபைலாக (ப்ரிண்ட் ஆகக் காத்திருக்கும் அவுட்புட்) விழும். கடன் வரம்பு பூஜ்யமாகும்போது மட்டும் இதைச் செய்யுங்கள், எல்லா அப்டேட்டுக்கும் செய்தால் காலையில் ஸ்பூல் ஃபைல் மலையாகக் குவிந்திருக்கும். நிரந்தரத் தீர்வாக இதை வைத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் ஒரு இரவுக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

எஸ்கியூஎல் தெரிந்தவர்களுக்குப் புதிய பதிப்புகளில் ஏபிஐக்குப் பதிலாக ஒரு டேபிள் ஃபங்ஷன் இருக்கிறது. க்யூசிஸ்2 ஸ்கீமாவில் ஸ்டாக்-இன்ஃபோ என்று பெயர். நட்சத்திரக் குறியைக் கொடுத்தால் நடப்பு ஜாபின் ஸ்டாக்கை வரிவரியாகத் தரும்: படி எண், புரோகிராம், லைப்ரரி, மாட்யூல், ப்ரொசீஜர், ஸ்டேட்மென்ட் எல்லாம். ஒரே இன்சர்ட்-செலக்ட்டில் விவர ஃபைல் நிரம்பிவிடும். பாயின்டர் கணக்கு எதுவும் இல்லை. உங்கள் ட்ரிகர் கிரியேட் ட்ரிகர் என்று எழுதப்பட்ட எஸ்கியூஎல் ட்ரிகராக இருந்தால் இதுதான் இயல்பான வழி. ட்ரிகர் வசதி 1994-இல் வி3ஆர்1-இல் வந்தபோது ஆர்பிஜி, கோபோல் போன்ற மொழிகளில் எழுதிய புரோகிராமை ஃபைலில் இணைக்கும் முறை மட்டும்தான் இருந்தது. எஸ்கியூஎல்லிலேயே ட்ரிகர் எழுதும் முறை 2001-இல் வி5ஆர்1-இல் சேர்ந்தது, ஒரு ஃபைலுக்கு 6 ட்ரிகர் என்ற வரம்பு 300 ஆனதும் அதே பதிப்பில்தான். எஸ்கியூஎல் ட்ரிகரும் உள்ளுக்குள் ஒரு புரோகிராமாகவே உருவாக்கப்படுகிறது, ஆகவே மேலே ஸ்டாக்கைப் பற்றிச் சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும், சில சிஸ்டம் படிகள் கூடுதலாக இருக்கும்.

இனி ஸ்டாக் கைவிடும் இடம். மாற்றம் வெளியிலிருந்து, வெளி அப்ளிகேஷன்கள் டேட்டாபேஸோடு இணையும் ஓடிபிசி அல்லது ஜேடிபிசி வழியாக வந்தால் அதைச் செய்யும் ஜாபின் பெயர் க்யூ-இசட்-டி-ஏ-எஸ்-ஓ-இனிட். ஸ்டாக்கில் மேலிருந்து கீழ்வரை ஐபிஎம் புரோகிராம்கள்தான். ஜாவா கிளாஸின் பெயரோ எக்செல் ஷீட்டின் பெயரோ அங்கே இருக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அந்த புரோகிராம் இந்த மெஷினில் ஓடவில்லை. ஜாபின் யூசர் க்யூ-யூசர் என்று வரும், அது யாரையும் குறிக்காது. 358-இல் தொடங்கும் யூசர்தான் உண்மையில் உள்ளே வந்த ப்ரொஃபைல். மேலே அழுத்திச் சொன்னது இதற்காகத்தான். எந்த முகவரியிலிருந்து வந்தார் என்பதை சிஸ்ஐபிஎம் ஸ்கீமாவில் உள்ள க்ளையன்ட்-ஐபி-அட்ரஸ் என்ற குளோபல் வேரியபிளிலிருந்து எடுக்கலாம், டிபி2-வில் அதன் பெயரில் அட்ரஸ் என்பது ஏ-டி-டி-ஆர் என்று சுருங்கியிருக்கும். கனெக்ஷன் பூல் வைத்திருக்கும் வெப் அப்ளிகேஷன் என்றால் எல்லோரும் ஒரே ப்ரொஃபைலில், ஒரே முகவரியிலிருந்து வருவார்கள். அப்போது மிச்சமிருப்பது கரன்ட் க்ளையன்ட் அப்ளிகேஷன் நேம், கரன்ட் க்ளையன்ட் ப்ரோகிராம் ஐடி போன்ற ஸ்பெஷல் ரெஜிஸ்டர்கள். இவற்றை அப்ளிகேஷனே நிரப்ப வேண்டும், ஜாவாவில் கனெக்ஷன் ஆப்ஜெக்டின் செட்-க்ளையன்ட்-இன்ஃபோ மெதடால் நிரப்பலாம். டெவலப்பர்களிடம் சொல்லி இதைச் செய்யவைத்தால் ட்ரிகரில் படிப்பது மிகவும் எளிது. ஒன்றை நினைவில் வையுங்கள்: க்ளையன்ட் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் பெயர் அது. கோளாறு தேட அது போதும். ஒருவர் மீது நடவடிக்கை எடுக்க அதை மட்டும் ஆதாரமாகக் காட்ட முடியாது.

இதே வகையில் இன்னும் இரண்டு ஜாப் பெயர்கள் உங்கள் பதிவில் வரலாம். க்யூ-ஆர்-டபிள்யூ-டி-எஸ்-ஆர்-வி-ஆர் என்றால் வேறொரு மெஷினிலிருந்து டிடிஎம் அல்லது டிஆர்டிஏ என்ற தொலை டேட்டா அணுகல் முறை வழியாக வந்த மாற்றம், புரோகிராமை அந்த மெஷினில்தான் தேட வேண்டும். க்யூ-எஸ்-க்யூ-எஸ்-ஆர்-வி-ஆர் என்றால் இதே மெஷினில் எஸ்கியூஎல் சர்வர் மோடில் ஓடும் ஒரு ஜாப் தன் வேலையை இந்த உதவி ஜாபிடம் கொடுத்திருக்கிறது. உதவி ஜாபின் ஜாப் லாகில் எந்த ஜாப் இதோடு இணைந்தது என்று ஒரு மெசேஜ் இருக்கும், அதைப் பிடித்து அசல் ஜாபுக்குப் போகலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கிறேன்: அந்த ஃபைல் ஜர்னல் ஆகிறதா, அதாவது அதன் ஒவ்வொரு மாற்றமும் சிஸ்டத்தின் பதிவேட்டில் எழுதப்படுகிறதா? ஆகிறது என்றால் நீங்கள் ஒரு வரி கோடும் எழுதாமலே பதில் ஏற்கெனவே டிஸ்கில் இருக்கலாம், அதுவும் நேற்றும் முந்தாநாளும் நடந்ததற்கு. ட்ரிகரால் இனி நடப்பதைத்தான் பிடிக்க முடியும். ஒவ்வொரு ஜர்னல் பதிவிலும் ஜாப் பெயர், ஜாப் யூசர், ஜாப் எண், புரோகிராம் பெயர் நான்கும் வழக்கமாகவே சேர்ந்து வருகின்றன. ரெக்கார்ட் மாற்றங்கள் ஆர் என்ற கோடில் இருக்கும். யூ-பி என்று இரண்டு வகை வரும், தமிழில் எழுதினால் ஒன்றுபோலத் தெரியும்: யூ-வோடு பிஃபோரின் முதலெழுத்து சேர்ந்தது அப்டேட்டுக்கு முந்தைய வடிவம், யூ-வோடு புட்டின் முதலெழுத்து சேர்ந்தது பிந்தைய வடிவம். டிஸ்ப்ளே ஜர்னல் கமாண்டை அவுட்ஃபைலுக்கு அனுப்பியோ, க்யூசிஸ்2-வில் உள்ள டிஸ்ப்ளே-ஜர்னல் டேபிள் ஃபங்ஷனாலோ தேடலாம். ரெக்கார்டின் உள்ளடக்கம் பிரிக்கப்படாத பைட்டுகளாக வரும். கடன் வரம்பு பேக்ட் டெசிமலாக (ஒரு பைட்டில் இரண்டு இலக்கம் வைக்கும் எண் வடிவம்) இருந்தால் கண்ணால் படிக்க முடியாது, உங்கள் ஃபைலின் அமைப்புள்ள ஒரு ஸ்ட்ரக்சரை அதன் மேல் போர்த்திப் படிக்க வேண்டும். ஜர்னலிங் தொடங்கும் கமாண்ட் தானாகப் பிந்தைய வடிவத்தை மட்டும்தான் பதியும். முந்தைய வடிவமும் வேண்டுமென்றால் இரண்டும் என்று குறிப்பிட்டுத் தொடங்கியிருக்க வேண்டும். பிந்தையது மட்டும் இருந்தாலும் பூஜ்யமாக மாறிய பதிவைக் கண்டுபிடித்துவிடலாம், என்ன இருந்தது என்பது மட்டும் தெரியாது.

ஜர்னலுக்கும் குறை உண்டு: அது ஒரே ஒரு பெயரைச் சொல்லும், சங்கிலியைச் சொல்லாது, வரி எண்ணையும் சொல்லாது. மாற்றத்தை அப்ளிகேஷன் புரோகிராம் செய்யவில்லை என்றால் க்யூ-சிஎம்டி போன்ற சிஸ்டம் பெயரே பதிவாகும். ஜர்னல் பதிவுகள் சேரும் ரிசீவர்களை எவ்வளவு நாள் வைத்திருக்கிறீர்கள் என்பதும் எல்லை. புரோகிராமின் லைப்ரரி வழக்கமாகப் பதிவாவதில்லை, சேஞ்ச் ஜர்னல் கமாண்டில் நிலையான நீளத் தகவல் என்ற பாராமீட்டரில் லைப்ரரியையும், வேண்டுமென்றால் ரிமோட் முகவரியையும் சேர்க்கச் சொல்லலாம். இதைச் செய்து வைப்பது எந்தக் கடைசி நேரக் கோடிங்கையும்விடப் பயனுள்ளது என்பது என் கருத்து.

சந்தேகப்படுவோர் பட்டியலைச் சுருக்க டிஸ்ப்ளே ப்ரோகிராம் ரெஃபரன்ஸ் கமாண்டும் உண்டு. எந்தப் புரோகிராம் அந்த ஃபைலை எப்படித் திறக்கிறது என்று சொல்லும், அப்டேட் செய்வது 4 என்ற மதிப்பால் தெரியும். ஃபைல் பெயரோடு நிறுத்தாமல் அதன் மேல் கட்டிய லாஜிகல் ஃபைல்களின் (அதே டேட்டாவை வேறு வரிசையில் காட்டுபவை) பெயரிலும் தேடுங்கள். டைனமிக் எஸ்கியூஎல் இதில் அகப்படாது, ஓவர்ரைடு செய்து வேறு பெயரில் திறப்பதும் அகப்படாது. பட்டியலில் இல்லை என்பதால் ஒரு புரோகிராமை விடுவித்துவிட வேண்டாம்.

ட்ரிகரில் ஸ்டாக் எடுக்க முடிவு செய்தால் சில எச்சரிக்கைகள், இவை உங்கள் வேலை நாளைப் பாதிக்கக்கூடியவை. ட்ரிகரில் பிடிக்கப்படாத எரர் ஒன்று வந்தால் சிபிஎஃப்502பி என்ற மெசேஜோடு அசல் அப்டேட்டே தோற்றுவிடும். உளவு பார்க்க வந்த கோடு பில்லிங்கை நிறுத்திவிடக் கூடாது. பதியும் வேலை முழுவதையும் எரரைப் பிடிக்கும் மானிட்டர் பிளாக்குக்குள் வையுங்கள், பதிய முடியவில்லை என்றால் சத்தமில்லாமல் வெளியேறட்டும். ஏபிஐயின் எரர் கோடு ஸ்ட்ரக்சரில் இடம் கொடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் அது எஸ்கேப் மெசேஜாக மேலே போகும். ட்ரிகர் யார் லைப்ரரி லிஸ்டில் ஓடும் என்று சொல்ல முடியாது, அதனால் லாக் ஃபைலை லைப்ரரி பெயரோடு குறிப்பிடுங்கள். கமிட்மென்ட் கன்ட்ரோலில் ஓடும் அப்ளிகேஷன் ரோல்பேக் செய்தால் உங்கள் பதிவும் சேர்ந்து அழியலாம். லாக் ஃபைலை ஆர்பிஜியில் கமிட் இல்லாமல் திறந்தாலோ, எஸ்கியூஎல் இன்சர்ட்டின் முடிவில் வித் என்-சி என்று சேர்த்தாலோ அது நிலைத்திருக்கும். லாக் ஃபைலுக்குள் எழுத எல்லா யூசருக்கும் அனுமதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ட்ரிகர் வழக்கமாக ரெக்கார்டை மாற்றியவரின் அதிகாரத்தோடு ஓடுவதால் உங்கள் சோதனையில் சரியாக ஓடியது இன்னொருவர் கையில் தோற்கலாம்.

வேகமும் ஒரு விஷயம். ஸ்டாக் எடுப்பது இலவசம் இல்லை. இரவு பேட்ச் பல லட்சம் ரெக்கார்டுகளைத் தொட்டால் ஒவ்வொன்றுக்கும் ஸ்டாக் எடுப்பது பேட்சின் நேரத்தை நீட்டிவிடும். ட்ரிகருக்குள் முதல் வேலையாகப் பழைய கடன் வரம்பையும் புதியதையும் ஒப்பிடுங்கள், மாறவில்லை என்றால் உடனே திரும்புங்கள். எஸ்கியூஎல் ட்ரிகரில் வென் நிபந்தனை இதைச் செய்யும், அந்த ஃபீல்டுக்கு மட்டும் என்று ட்ரிகரையே குறுக்கவும் முடியும். ஒரு டேட்டா ஏரியாவில் (சிறு மதிப்பை வைக்கும் ஆப்ஜெக்ட்) ஆன், ஆஃப் என்று ஒரு எழுத்தை வைத்துக்கொண்டால் மறு கம்பைல் இல்லாமல் நிறுத்தலாம். ட்ரிகரை ஃபைலில் சேர்க்கவோ எடுக்கவோ ஃபைலின் மேல் முழு லாக் தேவைப்படும் என்பதால் பகலில் இந்த சுவிட்ச் கைகொடுக்கும்.

உங்கள் நிலையில் நான் செய்வது இந்த வரிசையில் இருக்கும். ஃபைல் ஜர்னல் ஆகிறதா என்று பார்த்து, ஆகிறது என்றால் ரிசீவரில் கடன் வரம்பு பூஜ்யமான பதிவுகளைத் தேடுவேன். ஜாப் பெயர் க்யூ-இசட்-டி-ஏ-எஸ்-ஓ-இனிட் என்று இருந்தால் ஸ்டாக்கை விட்டுவிட்டு நடப்பு யூசரையும் ஐபி முகவரியையும் துரத்துவேன். உள்ளூர் ஜாப் என்று தெரிந்து, ஜர்னல் சொல்லும் பெயர் எல்லோருக்கும் பொதுவான சர்வீஸ் புரோகிராமாகவோ சிஸ்டம் புரோகிராமாகவோ இருந்தால் மட்டும் ட்ரிகரில் ஸ்டாக் பதிவைச் சேர்ப்பேன், புதிய பதிப்பு என்றால் டேபிள் ஃபங்ஷன், பழையது என்றால் ஏபிஐ. உங்கள் மெஷின் எந்தப் பதிப்பு, ட்ரிகர் ஆர்பிஜியா எஸ்கியூஎல்லா, ஜர்னல் இருக்கிறதா என்ற மூன்றையும் எழுதினால் அதற்கேற்ற கோடிங்கைத் தருகிறேன்.